வீட்டுக்கு வரும் கோர்ட் கடிதம்... ஒரு சாதாரண ஆள் 'ஜூரி' ஆனால் என்னவெல்லாம் நடக்கும்?

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். கோர்ட்டில் ஒரு ஓரமாக இரண்டு வரிசையில் 12 பேர் உட்கார்ந்திருப்பார்கள். கறுப்பு கோட்டும் இருக்காது, சுத்தியலும் இருக்காது. கடைசியில் அவர்களில் ஒருவர் எழுந்து ஒற்றை வார்த்தை சொல்வார். அதோடு ஒருத்தருடைய வாழ்க்கையே மாறிவிடும்.

இவர்கள்தான் ஜூரி. சட்டம் படித்தவர்கள் இல்லை. பஸ் டிரைவர், டீச்சர், சூப்பர் மார்க்கெட் ஊழியர், ரிட்டயர்டு தாத்தா என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பிரிட்டனில் தேங்கிக் கிடக்கும் கிரிமினல் வழக்குகளைக் குறைக்க, 3 வருடமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை கிடைக்கக்கூடிய பல வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் நீதித்துறை அமைச்சர் டேவிட் லாமி அறிவித்தார். அதில் இருந்து 'ஜூரி வேணுமா, வேண்டாமா' என்ற சண்டை அங்கே சூடு பிடித்திருக்கிறது. சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது?

கடிதம் யாருக்கு வரும்?

இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலில் இருந்து கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்கும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், 75 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 வருடமாவது தொடர்ந்து பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். இவ்வளவுதான் அடிப்படைத் தகுதி.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் ஒளிந்திருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டுமே காமன்வெல்த் நாடுகள். அதனால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் அங்கே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியும். வாக்காளர் என்றால் ஜூரி அழைப்பும் வரலாம்! லண்டனில் 6 வருடமாக வேலை பார்க்கும் ஒரு திருச்சிக்காரர், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்குக்கு ஜூரியாக உட்காரலாம். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். பரீட்சை, ஆபரேஷன், ஏற்கெனவே புக் பண்ணிய பயணம் போன்ற காரணங்களைச் சொல்லி ஒரு தடவை தள்ளிப்போடலாம். ஆனால் 12 மாதத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே குடிமக்கள் மட்டும்தான் ஜூரி ஆக முடியும். ஆனால் பல மாநிலங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலில் இருந்தும் பெயர் எடுப்பதால், கிரீன் கார்டு, விசாவில் இருப்பவர்களுக்கும் கடிதம் வந்து விழும். 'நமக்குத்தான் சம்பந்தம் இல்லையே' என்று குப்பையில் போடக் கூடாது. அந்தப் படிவத்தில் 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்ற கேள்வி இருக்கும். 'இல்லை' என்று நேர்மையாகப் பதில் அனுப்பினால் வேலை முடிந்தது. தெரியாமல் 'ஆம்' போட்டுவிட்டால் பின்னாடி குடியேற்ற விஷயத்தில் பெரிய தலைவலி ஆகிவிடும்.

இதிலும் மோசடிக் கும்பல் புகுந்துவிட்டது. 'ஜூரிக்கு வராமல் ஏமாற்றிவிட்டீர்கள், கைது வாரன்ட் ரெடி, உடனே பணம் கட்டுங்கள்' என்று போலீஸ் போலப் பேசி மிரட்டுவார்கள். நம்ம ஊர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியின் ஒன்றுவிட்ட சகோதரன்தான் இது. எந்தக் கோர்ட்டும் போனில் கார்டு நம்பர் கேட்காது என்று அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகின்றன.

பெரிய ஆட்களுக்கும் விலக்கு இல்லை. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் 2015ல் டல்லாஸ் கோர்ட்டுக்குப் போனார். 2017 நவம்பரில் பராக் ஒபாமா சிகாகோ கோர்ட்டில் ஆஜரானார். இருவரையுமே எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒபாமாவுக்குக் கிடைக்க வேண்டிய ஒருநாள் படி எவ்வளவு தெரியுமா? 17 டாலர் 20 சென்ட்.

முதல் நாள்: காத்திரு, காத்திரு

சினிமாவில் காட்டாத பகுதி இதுதான். காலையில் போனதும் வாசலில் சோதனை, பிறகு ஒரு பெரிய ஹால். ரேஷன் கடை வரிசையில் நிற்பது மாதிரியான காத்திருப்பு, நாற்காலி மட்டும் உண்டு. பெயர் கூப்பிடும் வரை அங்கேயேதான் இருக்க வேண்டும். மதியம் வரை உட்கார வைத்து 'இன்றைக்கு வழக்கு இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று அனுப்புவதும் சகஜம். குற்றம் சாட்டப்பட்டவர் கடைசி நிமிடத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜூரிக்கு வேலையே இருக்காது.

பெயர் கூப்பிட்டுவிட்டால் அடுத்தது கேள்விப் படலம். இங்கிலாந்தில் இது சீக்கிரம் முடிந்துவிடும். அமெரிக்காவில்தான் நீளும். 'உங்கள் குடும்பத்தில் போலீஸ்காரர் இருக்கிறாரா? நீங்கள் எப்போதாவது திருட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? என்ன செய்தி படிப்பீர்கள்?' என்று முன்பின் தெரியாத நூறு பேர் நடுவில் கேட்பார்கள். ஒருதலைப்பட்சமாக இருப்பார் என்று தெரிந்தால் நீதிபதி நீக்கிவிடுவார். அது போக, இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் காரணமே சொல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மக்களை ஜூரியில் இருந்து கழற்றிவிட இந்த வசதியைப் பல காலம் பயன்படுத்தி வந்ததுதான் அதற்குக் காரணம்.

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் டொனால்டு டிரம்ப் வழக்குக்கு ஆள் எடுத்தபோது, முதல் சுற்றில் வந்த 96 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'எங்களால் பாரபட்சம் இல்லாமல் இருக்க முடியாது' என்று கை தூக்கி வெளியேறினார்கள். ஜூரியாகத் தேர்வாகிப் பதவிப் பிரமாணமும் எடுத்த ஒரு நர்ஸ், தன் பெயர் வெளியே வராதபோதும், மீடியாவில் வந்த அடையாளங்களை வைத்தே தெரிந்தவர்கள் 'நீதானா அது?' என்று கேட்கத் தொடங்கிவிட்டதாகச் சொல்லி இரண்டே நாளில் விலகினார். பயம் நியாயமானதுதான். முன்னாள் அதிபரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே தெருவில் காய்கறி வாங்கப் போக வேண்டுமே.

சம்பளம் யார் தருவார்?

கௌரவமான கடமை என்று எல்லோரும் சொல்வார்கள். பர்ஸைப் பார்த்தால் நிலைமை வேறு. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் ஜூரிக்கு ஒரு நாளைக்கு 50 டாலர். கலிஃபோர்னியா மாநிலக் கோர்ட்டில் பல வருடங்களாக இருந்து வரும் தொகை 15 டாலர், அதுவும் இரண்டாவது நாளில் இருந்துதான். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது.

இங்கிலாந்தில் ஜூரிக்குச் சம்பளமே இல்லை. சம்பள இழப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு இரண்டையும் சேர்த்து முதல் 10 நாட்களுக்குத் தினமும் சுமார் 65 பவுண்டு வரை கேட்டு வாங்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கு 8 மணி நேரம் வேலை பார்த்தாலே அங்கே இதைவிட அதிகம் கிடைக்கும். கம்பெனி வேலையில் லீவ் சம்பளம் உள்ளவர்கள் சமாளித்துவிடுவார்கள். ஊபர் ஓட்டுபவர், தனியாக எலெக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவர், சின்னக் கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவர்களில் பலர் விலக்கு கேட்டுப் போய்விட்டால், மிச்சம் இருக்கும் 12 பேர் உண்மையிலேயே 'ஊர்' ஆவார்களா? ஜூரி முறையின் பலவீனமான இடம் இதுதான்.

'வீட்டில்கூட வாயைத் திறக்கக் கூடாது'

வழக்கு ஆரம்பித்தவுடன் நீதிபதி சொல்லும் முதல் எச்சரிக்கை இது. கணவன், மனைவி, நண்பர் யாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. கூகுளில் தேடக் கூடாது. சம்பவ இடத்துக்குத் தாங்களாகப் போய்ப் பார்க்கக் கூடாது. காலையில் பார்த்த போட்டோ மனதை அறுத்தாலும் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் 'இன்னைக்கு எப்படிப் போச்சு?' என்ற கேள்விக்குச் சிரித்து மழுப்ப வேண்டியதுதான்.

மீறினால்? 2011ல் இங்கிலாந்தில் ஒரு போதைப்பொருள் வழக்கின் ஜூரி, அதே வழக்கில் விடுதலையான பெண்ணுக்கு ஃபேஸ்புக்கில் மெசேஜ் அனுப்பினார். பல லட்சம் பவுண்டு செலவழித்து நடந்த விசாரணை குலைந்தது. மெசேஜ் அனுப்பியவருக்கு 8 மாதம் ஜெயில்.

இதைவிட விநோதம் 1994ல் நடந்தது. ஒரு தம்பதி கொலை செய்யப்பட்ட வழக்கு. தீர்ப்பு முடிவாகாததால் ஜூரியை ராத்திரி பிரைட்டன் நகர ஹோட்டலில் தங்க வைத்தார்கள். அங்கே நான்கு பேர் சேர்ந்து கண்ணாடி டம்ளரையும் எழுத்துகளையும் வைத்து, நம்ம ஊரில் ஹாஸ்டல் பிள்ளைகள் ஆவியைக் கூப்பிடுவார்களே, அதே மாதிரி இறந்தவரைக் கூப்பிட்டு 'யார் உங்களைக் கொன்றது?' என்று கேட்டிருக்கிறார்கள்! விஷயம் வெளியே வந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. மறு விசாரணையிலும் அந்த நபர் குற்றவாளிதான் என்று முடிவானது.

போர் அடிப்பதும் ஒரு பெரிய பிரச்சினை. வங்கிக் கணக்கு, போன் பதிவு என்று வாரக்கணக்கில் ஓடும் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பது லேசான விஷயம் இல்லை. 2008ல் சிட்னியில் ஒரு போதைப்பொருள் வழக்கு மூன்று மாதம் நடந்து, நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்து போன பிறகு ஒரு உண்மை தெரிந்தது. ஜூரியில் சிலர் கவனமாகக் குறிப்பெடுப்பது போல் எழுதிக்கொண்டிருந்தது... சுடோகு! பேனா பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழுமாகப் போனதைப் பார்த்துத்தான் சந்தேகமே வந்தது. சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவோடு வழக்கு முதலில் இருந்து ஆரம்பித்தது.

பூட்டிய அறைக்குள்

சாட்சி, வாதம் எல்லாம் முடிந்ததும் 12 பேரும் ஒரு அறைக்குள் போவார்கள். போன் கிடையாது. தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு சீட்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்பலாம், அவ்வளவுதான் வெளியுலகத் தொடர்பு.

அமெரிக்காவில் கடும் குற்ற வழக்குகளில் அத்தனை பேரும் ஒத்துப்போனால்தான் 'குற்றவாளி' என்று சொல்ல முடியும். லூசியானா, ஓரிகன் ஆகிய இரண்டு மாநிலங்களில் மட்டும் 10 பேர் போதும் என்று இருந்தது. 2020ல் உச்ச நீதிமன்றம் அதையும் நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் குறைந்தது 2 மணி 10 நிமிடமாவது பேசிப் பார்த்த பிறகும் ஒத்துவராவிட்டால், 10-2 என்ற பெரும்பான்மையை ஏற்க நீதிபதி அனுமதிக்கலாம். ஒருவர் மட்டும் மாறி நிற்கும்போது, மீதி 11 பேரின் எரிச்சல் முழுவதும் அவர் மேல் விழும். 'எனக்கு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும்' என்ற முணுமுணுப்புக்கு நடுவில் ஒருத்தருடைய ஆயுள் தண்டனையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

'12 ஆங்கிரி மென்' படம் பிறந்ததே இப்படித்தான். எழுத்தாளர் ரெஜினால்ட் ரோஸ் 1954ல் நியூயார்க்கில் ஒரு மரண வழக்கில் ஜூரியாக இருந்தார். அந்த அறைக்குள் 8 மணி நேரம் நடந்த கடுமையான வாக்குவாதம்தான் அவரை எழுத வைத்தது. முதலில் டிவி நாடகமாகவும், 1957ல் சினிமாவாகவும் வந்தது.

ஜூரிகளை அதிகம் திணறடிப்பது ஒரே ஒரு சொற்றொடர்: 'நியாயமான சந்தேகம்'. அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். எது நியாயமான சந்தேகம்? 2013ல் லண்டனில், முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹ்யூனின் ஸ்பீடிங் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டதாக அவருடைய முன்னாள் மனைவி விக்கி பிரைஸ் மீது வழக்கு நடந்தது. ஜூரி 10 கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். 'நியாயமான சந்தேகம் என்றால் என்ன?' என்பது அதில் ஒன்று. இன்னொன்று, 'கோர்ட்டில் சொல்லாத, ஆதாரமும் இல்லாத ஒரு காரணத்தை வைத்து முடிவெடுக்கலாமா?' நீதிபதி ஆடிப்போனார். இத்தனை வருட அனுபவத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லி ஜூரியைக் கலைத்துவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கேட்டார்களே, கேட்காமலேயே முடிவு சொல்லியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

265 நாள் ஹோட்டல் வாசம்

ஜூரி அனுபவத்தின் உச்சம் என்றால் 1995ன் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்குதான். மீடியா வெளிச்சம் படக்கூடாது என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூரிகளை 265 நாட்கள் ஹோட்டலில் அடைத்து வைத்தார்கள். குடும்பத்தைப் பார்க்கக்கூடக் கட்டுப்பாடு, எங்கே போனாலும் கூடவே காவலர்கள். ஒரு கட்டத்தில் சில காவலர்களை மாற்றியதைக் கண்டித்துப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பு உடையில் கோர்ட்டுக்கு வந்தார்கள். மாற்று ஆட்களையும் சேர்த்து 24 பேரோடு ஆரம்பித்த குழுவில் 10 பேர் நடுவிலேயே நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அப்போது தினப்படி 5 டாலர். ஒன்பது மாதம் இப்படி அடைந்து கிடந்தவர்கள், 4 மணி நேரத்துக்குள் 'குற்றவாளி அல்ல' என்ற முடிவுக்கு வந்தார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று உலகமே கேட்டது.

முடிந்த பிறகும் முடியாதது

போலீஸ்காரர், டாக்டர், நீதிபதி எல்லோரும் கொடூரத்தைப் பார்த்துப் பழகியவர்கள். ஜூரி அப்படி இல்லை. போன வாரம் வரை ஆபீஸில் எக்செல் ஷீட் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், ஒரு குழந்தையின் பிரேதப் பரிசோதனைப் படங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொள்ள முடியாது, அதுதான் அவருடைய வேலை. வழக்கு முடிந்ததும் 'நன்றி, போகலாம்' என்று அனுப்பிவிடுவார்கள். தூக்கம் வராது, அந்தப் படங்கள் கண்ணில் வந்து நிற்கும்.

இதைவிடக் கொடுமை, சொல்லி அழவும் முடியாது. அமெரிக்காவில் வழக்கு முடிந்ததும் ஜூரிகள் பேட்டி கொடுக்கலாம், புத்தகமே எழுதலாம். இங்கிலாந்திலும் கனடாவிலும் அந்த அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது குற்றம். கனடாவில் மனநல மருத்துவரிடம்கூடச் சொல்ல முடியாத நிலை இருந்தது. பாதிக்கப்பட்ட முன்னாள் ஜூரிகள் விடாமல் போராடினார்கள், நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அதன் பிறகுதான் 2022ல், சிகிச்சைக்காக மனநல நிபுணரிடம் பேசலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

எதற்கு இந்த முறை?

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1670ல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வழக்கு. அவர்களைத் தண்டிக்க ஜூரி மறுத்தார்கள். கோபமான நீதிபதி சோறு, தண்ணீர் இல்லாமல் இரண்டு ராத்திரி பூட்டி வைத்தார். அப்போதும் மசியவில்லை. அபராதம் போட்டுச் சிறைக்கே அனுப்பினார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி எதிர்த்து வழக்குப் போட, தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று முடிவானது. அரசாங்கம் சொன்னாலும் 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் சாதாரண ஆளுக்கு உண்டு என்ற நம்பிக்கை அங்கே இருந்து வருகிறது.

இந்தியாவில் ஏன் இல்லை?

இருந்தது. தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே. தியாகராஜ பாகவதரின் தலையெழுத்தை மாற்றியதே ஒரு ஜூரிதான். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொல்லப்பட்ட வழக்கில், பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று 1945ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முடிவு சொன்னார்கள். 'ஹரிதாஸ்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்க, ஹீரோ ஜெயிலில் இருந்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்க உத்தரவு வாங்கி, 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் பழைய மார்க்கெட் திரும்பவே இல்லை.

அடுத்து 1959, பம்பாய். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதி குற்றவாளி இல்லை என்று 8-1 கணக்கில் ஜூரி சொன்னது. அந்த முடிவை நீதிபதி ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 'இந்த வழக்கோடு இந்தியாவில் ஜூரி ஒழிந்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது முழு உண்மை இல்லை. ஜூரி வேண்டாம் என்று சட்ட ஆணையம் 1958லேயே சொல்லிவிட்டது. நானாவதிக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி தொடர்ந்தது. 1973ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் முழுவதுமாகக் கதவைச் சாத்தியது.

இலங்கையில் இன்னும் இருக்கிறது, 7 பேர் ஜூரி. எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். 2006ல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. நடராஜா ரவிராஜ் வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி வேண்டாம் என்று ரவிராஜ் தரப்பு எதிர்ப்பு தெரிவித்தது. அது எடுபடவில்லை. 2016 டிசம்பர் 24 அன்று நள்ளிரவு தாண்டி வந்த தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்ட 5 பேரும் விடுதலை.

இந்தியாவிலும் ஒரே ஒரு இடத்தில் ஜூரியின் மிச்சம் உயிரோடு இருக்கிறது. பார்சி சமூகத்தினரின் விவாகரத்து வழக்குகளில், அதே சமூகத்தைச் சேர்ந்த 5 பிரதிநிதிகள் நீதிபதியோடு உட்கார்ந்து கணவன் மனைவி சண்டையைக் கேட்டு முடிவு சொல்வார்கள். அந்தச் சட்டம் 1936ல் வந்தது. இந்த முறை வேண்டாம் என்று தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.